மறைக்கல்வி யாருடைய பணி?
கம்பம் பள்ளத்தாக்கின் தொடக்கப்பள்ளிகளை முன்வைத்து ஒரு வரலாற்றுச் சிந்தனை

கம்பம் பள்ளத்தாக்கில், உத்தமபாளையம் வட்டத்தில், இராயப்பன்பட்டி என்றோர் ஊர் உண்டு. கத்தோலிக்க மக்கள் நெடுங்காலமாக வேரூன்றி வாழும் ஊர்களுள் அது ஒன்று. அப்பெயரைக் கேட்டவுடன் நம் பாட்டிமாருக்கு நினைவில் எழுபவர் திருத்தூதர்களின் தலைவரான இராயப்பர். இன்றைய தொடக்கப்பள்ளிச் சிறுவனுக்கோ அவர் பேதுரு. பாட்டியின் சின்னப்பர் பேரனுக்குப் பவுல். பாட்டியின் அருளப்பர் அவனுக்கு யோவான். ஞானஸ்நானம் திருமுழுக்காயிற்று, சர்வேசுரன் கடவுளானார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தை அடுத்து வந்த மாற்றங்களும், 1995-ஆம் ஆண்டு வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பும் இப்புதிய சொற்களை நம் வழிபாட்டில் நிலைபெறச் செய்தன. மாற்றம் நல்லதே. பிற சபையினரோடு ஒரே விவிலியத்தைப் படிக்கும் பேறு அதனால் நமக்குக் கிட்டியது.

எனினும், இச்சொல் மாற்றத்தின் நிழலில் வேறொன்றும் நிகழ்ந்துவிட்டது. பேரனின் மறைக்கல்வி நூலைப் பாட்டி கையில் எடுக்கத் தயங்குகிறார். 'அதெல்லாம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பார்கள்' என்று தாயும் விலகிக்கொள்கிறார். பள்ளியோ, 'ஞாயிறு வகுப்பில் பார்த்துக்கொள்வார்கள்' என்கிறது. ஞாயிறு வகுப்பு புதுநன்மைக்கு முந்திய சில மாதங்களில் மட்டும் நிரம்பிப் பின் வற்றிவிடுகிறது. ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறிக்கொண்டேயிருக்கும் இப்பணி உண்மையில் யாருடையது? இக்கேள்விக்கு விடைகாண வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்பது நலம்.

மணியோசையும் உபதேசியாரும்

தமிழகத்தில் மறைக்கல்வி பள்ளிக்கூடத்தில் பிறந்ததன்று. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களைக் கூட்டினார் என்பதை நாம் அனைவரும் அறிவோம். அவர் அதோடு நிற்கவில்லை. தாங்கள் கற்ற செபங்களை வீட்டிற்குச் சென்று பெற்றோருக்கும் அண்டை அயலாருக்கும் கற்பிக்குமாறு அச்சிறுவர்களைப் பணித்தார். இதனை அவரே தம் மடலில் குறிப்பிடுகிறார். அவர் நடத்திய வகுப்பின் முடிவிடம் வீடு. தாம் அடுத்த ஊருக்குப் போகும்போது, கற்பிப்பதற்கென ஒருவரை அமர்த்தி, அவருக்கு ஊதியமும் ஏற்பாடு செய்தார். நாம் பின்னாளில் உபதேசியார் என்றும் வேதியர் என்றும் அழைத்த திருப்பணியாளரின் தொடக்கம் இது.

சவேரியாருக்குப் பின் வந்த அன்றிக் அடிகளார் 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் பதினாறு பக்க நூலை அச்சிட்டார். இந்திய மொழி ஒன்றில், அம்மொழியின் எழுத்திலேயே அச்சேறிய முதல் நூல்களின் வரிசையில் நிற்பது ஒரு மறைக்கல்வி நூல் என்பது நமக்குப் பெருமை. அடுத்த ஆண்டே கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' வினா விடை வடிவில் வெளிவந்தது. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் 'ஞானோபதேசம்' எழுதினார். வீரமாமுனிவர் உபதேசியாருக்கென்றே 'வேதியர் ஒழுக்கம்' என்னும் நூலை இயற்றினார். மாணவருக்கு நூல் எழுதியதோடு அமையாமல், கற்பிப்பவர் எப்படி வாழவேண்டும் என்பதற்கும் ஒரு நூல் தேவையென்று அவர் கருதியது எண்ணத்தக்கது.

இயேசு சபை 1773-இல் கலைக்கப்பட்டது. பின்னர் 1838-இல் மதுரை மறைப்பணித்தளம் பிரெஞ்சு இயேசு சபையாரால் மீண்டும் உயிர்பெற்றது. இன்றைய தேனி மாவட்டத்துப் பங்குகள் மதுரை மறைமாவட்டத்தைச் சார்ந்தவை. அது 1938-இல் மறைமாவட்டமாகவும் 1953-இல் உயர்மறைமாவட்டமாகவும் உயர்ந்தது. சாலைகளும் பேருந்துகளும் இல்லாத அந்நாட்களில் குருவானவர் ஓர் ஊருக்கு ஆண்டில் சில முறைகளே வர இயலும். எஞ்சிய நாட்களில் கோயிலில் செபம் சொன்னவரும், நோயாளியைச் சந்தித்தவரும், சிறுவர்களுக்குச் 'சின்னக் குறிப்பிடம்' கற்பித்தவரும் உபதேசியாரே. மாலையில் வீடுகளில் செபமாலை ஒலித்தது. எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார் மனப்பாடமாக அறிந்திருந்த செபங்களே அக்காலத்து மறைக்கல்வி நூல்.

பள்ளிக்கு வந்த இரு தேர்வாளர்கள்

பின்னர் பள்ளிகள் எழுந்தன. நம் பகுதியில் அவற்றைத் தொடங்கியவர்கள் கத்தோலிக்கர் மட்டுமல்லர். 1834-இல் தொடங்கிய அமெரிக்கன் மதுரை மிஷனைச் சார்ந்த சகோதரர்களும் இத்திசையில் கல்விப்பணி ஆற்றினர். பல ஊர்களில் ஆசிரியரே உபதேசியாராகவும் விளங்கினார். காலையில் கரும்பலகையின் முன் நின்றவரே மாலையில் கோயில் மணியை அடித்தார்.

1854-ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கை தனியார் பள்ளிகளுக்கு அரசு நிதியுதவி வழங்க வழிவகுத்தது. சமயத்தில் அரசு நடுநிலை வகிக்கும் என்பதும், பள்ளியில் கற்பிக்கப்படும் சமயக் கொள்கைகளை ஆய்வாளர் கவனத்தில் கொள்ளமாட்டார் என்பதும் அதன் விதிகள். மறைக்கல்விக்கு அதனால் தடை ஏதும் எழவில்லை. ஆனால் நுட்பமான ஒரு விளைவு உண்டாயிற்று. அதுமுதல் பள்ளிக்கு இரண்டு தேர்வாளர்கள் வந்தனர். ஒருவர் எழுத்தையும் கணக்கையும் சோதித்த ஆய்வாளர். மற்றவர் செபங்களைச் சோதித்த பங்குக்குரு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தில் மாணவரின் தேர்ச்சியைக் கணக்கிட்டு மானியம் வழங்கும் முறையும் நடைமுறைக்கு வந்தது. எந்தத் தேர்வாளரின் கேள்விக்கு ஆசிரியர் அதிக நேரம் ஒதுக்கியிருப்பார் என்பதை ஊகிப்பது கடினமன்று. மறைக்கல்வி பாடவேளைகளுள் ஒன்றாயிற்று. நாளடைவில் மற்றப் பாடங்களுக்கு விட்டுக்கொடுக்கத்தக்க பாடவேளையாயிற்று. தேர்வு நெருங்கும்போது மறைக்கல்வி வேளையில் கணக்குப் பாடம் நடப்பதை இன்றும் பல இடங்களில் நாம் காண்கிறோம்.

இதற்கிடையில் திருச்சபையின் ஆணை ஒன்றும் தொடக்கப்பள்ளியின் பொறுப்பைக் கூட்டியது. 1910-இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர், பகுத்தறியும் வயதாகிய ஏறத்தாழ ஏழு வயதிலேயே சிறுவர்கள் நற்கருணை உட்கொள்ளலாம் என்று அறிவித்தார். அதுவரை பல நாடுகளில் பத்து, பன்னிரண்டு வயதுவரை காத்திருந்தனர். அன்புமிக்க இந்த ஆணையால் புதுநன்மைக்கான தயாரிப்பு தொடக்கப்பள்ளியின் வயதெல்லைக்குள் வந்து சேர்ந்தது. சிறுவரின் தயாரிப்பில் முதற்கடமை பெற்றோருக்கும் ஆன்ம குருவுக்கும் உரியது என்பதே அவ்வாணையின் உணர்வு. நடைமுறையிலோ அக்கடமை ஆசிரியையின் தோளில் இறங்கியது.

சட்டம் கேட்கும் இசைவு

1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பு, சிறுபான்மையினர் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையை 30-ஆம் பிரிவில் உறுதிசெய்தது. அதே அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவு, அரசின் ஏற்பு பெற்ற அல்லது நிதியுதவி பெறும் பள்ளியில் எவரையும் அவரது இசைவின்றிச் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ பங்குகொள்ளச் செய்யலாகாது என்கிறது. மாணவர் சிறுவராயின் பாதுகாவலர் இசைவு தரவேண்டும்.

இதனை நம்மீது இடப்பட்ட விலங்காகக் கருதுவோர் நம்மில் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட சமயச் சுதந்திரம் பற்றிய அறிக்கையும், நம்பிக்கையில் கட்டாயத்திற்கு இடமில்லை என்றே போதிக்கிறது. அதே ஆண்டில் வெளிவந்த கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, கத்தோலிக்கரல்லாத மாணவர் பயிலும் நம் பள்ளிகளைத் திருச்சபை மிகுந்த அன்போடு நோக்குகிறது என்கிறது. நம் ஆர்.சி. பள்ளிகளின் வகுப்பறையில் இந்து, இசுலாமியச் சிறுவர்கள் நம் பிள்ளைகளோடு ஒரே பாயில் அமர்ந்து படித்தவர்கள். அவர்களின் பெற்றோர் நம்மீது வைத்த நம்பிக்கை பெரிது. அதனைக் காப்பது நற்செய்தியின் கடமையேயாகும்.

ஆனால் இப்பிரிவில் நாம் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. சட்டம் இசைவு கேட்பது பிற சமயப் பெற்றோரிடம் மட்டுமன்று. கத்தோலிக்கத் தந்தையிடமும் தாயிடமும் கேட்கிறது. அவரிடம் கேட்காமலே 'தருவார்' என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். கேட்கப்படாததால் அவரும் மறுமொழி சொல்ல நேர்வதில்லை. தம் பிள்ளையின் மறைக்கல்வி தம்மைத் தொடாமலே நடந்துமுடியும் ஒன்று என்று அவர் எண்ணிவிடுகிறார். உண்மையில் இதே கேள்வியைத் திருச்சபை அவரிடம் முன்பே கேட்டிருக்கிறது. குழந்தைக்குத் திருமுழுக்கு வழங்கும் சடங்கில், பிள்ளையை நம்பிக்கையில் வளர்க்கும் பொறுப்பை உணர்ந்து ஏற்கிறீர்களா என்று பெற்றோர் வினவப்படுகின்றனர். 'ஏற்கிறோம்' என்ற அந்த வாக்கு பள்ளியின் வாயிலில் கைமாறிவிடுவதில்லை.

காலை உணவும் மாலைச் செபமும்

நம் பள்ளத்தாக்கில் இவ்வாக்கைக் காப்பது எளிதன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1895-இல் பெரியாற்று நீர் மலையைக் கடந்து இறங்கிய பின் இம்மண்ணில் நெல் செழித்தது. ஆயினும் நிலமற்றோர் பலருக்குப் பிழைப்பு மலைமேல்தான். விடியுமுன்பே ஜீப்புகளில் ஏறிக் குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் பெண்கள் எத்தனை பேர்! பிள்ளை எழும்போது தாய் வீட்டில் இல்லை.

1956-இல் பெருந்தலைவர் காமராசர் காலத்தில் மதிய உணவு பள்ளிக்கு வந்தது. 2024 ஜூலை 15 முதல் ஊரகப் பகுதியிலுள்ள அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் காலை உணவுத் திட்டம் விரிவாக்கப்பட்டது. இது ஏழைத் தாயின் சுமையைக் குறைக்கும் அறச்செயல், நன்றியோடு வரவேற்கத்தக்கது. சோற்றைப் பள்ளி தரலாம்; பிறர் ஆக்கிய சோறும் பசியாற்றும். செபம் அப்படிப்பட்டதன்று. தாய் செபிப்பதைப் பார்த்திராத பிள்ளைக்குச் செபம் ஒரு பாடமாகவே நின்றுவிடும்.

திருச்சபையும் இவ்வேறுபாட்டைத் தெளிவாக உரைத்துள்ளது. 1979-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மறைக்கல்வி பற்றி எழுதிய மடலில், குடும்ப மறைக்கல்வி மற்ற எல்லா வகைகளுக்கும் முந்தியது, அவற்றோடு உடன் செல்வது, அவற்றை வளப்படுத்துவது என்று கற்பித்தார். மனப்பாடத்தை முற்றிலும் கைவிடுதல் ஆகாது என்றும் அம்மடல் எச்சரிக்கிறது. 1988-இல் உரோமையிலிருந்து வெளிவந்த, கத்தோலிக்கப் பள்ளிக் கல்வியின் சமயப் பரிமாணம் பற்றிய ஆவணம், பள்ளியின் சமயப் பாடத்திற்கு அறிவே நோக்கம் என்றும், நம்பிக்கையின் முதிர்ச்சி சிறப்பாகத் தலத்திருச்சபையின் வாழ்வில் நிகழ்வது என்றும் பிரித்துக் காட்டுகிறது. பள்ளி தன்னால் இயன்றதைச் செய்யும். அதனால் இயலாததை அதனிடம் எதிர்பார்ப்பது முறையன்று.

செய்யத்தக்கவை

முதலாவதாக, ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொரு கத்தோலிக்கப் பெற்றோரிடமும் இசைவைக் கேட்டுப் பெறுவோம். கையொப்பத்தோடு அமையாமல், திருமுழுக்கின் வாக்கை நினைவூட்டும் உரையாடலாக அது அமையட்டும்.

இரண்டாவதாக, மறைக்கல்வி வேளையில் பிற சமயப் பிள்ளைகளுக்கு நடக்கும் நன்னெறி வகுப்பை வெறும் மேற்பார்வை வேளையாக விட்டுவிடாதிருப்போம். சமயங்களைப் பற்றிய அறிவை நன்னெறிக் கல்வியில் சேர்ப்பது அரசியலமைப்புக்கு முரணன்று என்று 2002-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. வாய்மை, இரக்கம், பகிர்தல் ஆகியவற்றை அவரவர் மரபிலிருந்தே எடுத்துக் கற்பிக்கும் ஆசிரியர் பள்ளிக்குப் பெருமை சேர்ப்பார்.

மூன்றாவதாக, பாட்டிமாரை மறைக்கல்விக்குள் மீண்டும் அழைப்போம். 'இராயப்பரே பேதுரு' என்று ஒருவர் சொல்லிவிட்டால் அவருடைய தயக்கம் நீங்கும். தாய் மலையிலிருந்து திரும்பும்வரை பிள்ளையோடு இருப்பவர் பெரும்பாலும் அவரே. அவர் மனத்திலுள்ள செபங்களும் புனிதர் கதைகளும் எந்த அச்சகத்திலும் கிடைக்காதவை.

கம்பத்துப் பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, 1832-இல் பிரெஞ்சுக் குரு ஒருவரே அதனைத் தமிழகத்திற்குக் கொண்டுவந்தார் என்ற செய்தி நாளேடுகளில் வெளிவந்தது. திராட்சை பயிரிடும் நம் உழவர்களுக்கு ஒன்று நன்கு தெரியும். கல்தூண் நட்டுக் கம்பி கட்டிப் பந்தல் போடாவிட்டால் கொடி தரையில் கிடந்து அழுகும். ஆனால் எவ்வளவு உறுதியான பந்தலும் கொடிக்கு நீர் தராது. நீர் வேரின் வழியே வருவது. பள்ளி நம் முன்னோர் அரும்பாடுபட்டு எழுப்பிய பந்தல். அதனைக் காப்போம். அதேவேளை, நீர் பாய்ச்ச வேண்டிய இடம் நம் வீட்டு முற்றம் என்பதையும் மறவாதிருப்போம். இன்று மாலை விளக்கேற்றும் வேளையில், பிள்ளையை அருகில் அமர்த்திச் சிலுவை அடையாளம் வரையக் கற்றுக்கொடுக்க எந்த ஆய்வாளரின் அனுமதியும் வேண்டியதில்லை.