அமிக்டலாவின் மறுப்பு: மூளை ஈஸ்ட்ரஜனை ஆள்வது ஆண்ட்ரஜன் மட்டும்தானா?

மூளைத் திசுவே ஆண்ட்ரஜனை ஈஸ்ட்ரஜனாக மாற்றிக்கொள்கிறது என்பதை நாஃப்டோலினும் ரையனும் 1970களின் தொடக்கத்தில் நிறுவிய வரலாறு இத்துறையினர் அறிந்ததே. மாற்றும் நொதி அரோமடேஸ். அந்த நொதியை மூளையில் கூட்டுவதும் குறைப்பதும் எது என்ற அடுத்த கேள்விக்கு 1984இல் ரோசெல்லியும் ரெஸ்கோவும் எலியை வைத்துச் சொன்ன விடை, இன்றும் எல்லா விலங்குக்குமான விதிபோல எடுத்தாளப்படுகிறது. அந்த வாசிப்பை என்னால் முழுதாக ஏற்க இயலவில்லை.

அவர்கள் செய்த சோதனை எளிமையானது, அழகானது. வளர்ந்த ஆண் எலியின் விரைகளை நீக்கினால் ஹைப்போதலாமஸ், பிரீஆப்டிக் பகுதிகளில் அரோமடேஸின் செயல் சரிகிறது. டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் மீள்கிறது. டெஸ்டோஸ்டிரோன் மூளைக்குள் ஈஸ்ட்ரஜனாக மாறக்கூடியது. ஆகவே செயலை மீட்டது எது என்ற ஐயம் எழும். ஈஸ்ட்ரஜனாக மாறவே முடியாத டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனும் செயலை உயர்த்தியது, எஸ்ட்ராடையால் உயர்த்தவில்லை. எனவே ஆண்ட்ரஜன் ஏற்பி வழியாகவே கட்டளை போகிறது என்று முடிவு செய்தார்கள். அந்த ஏற்பி பழுதுபட்டுப் பிறக்கும் எலிகளில் செயல் குறைந்திருப்பதும், ஆண்ட்ரஜன் நொதியின் எம்ஆர்என்ஏவையே உயர்த்துவதாக 1994இல் வந்த கண்டுபிடிப்பும் அம்முடிவுக்கு வலுச் சேர்த்தன. எலியின் ஹைப்போதலாமஸைப் பொறுத்தவரை இதில் நான் கைவைக்க எதுவுமில்லை.

என்னை நிறுத்தியது அதே ஆய்வின் இன்னொரு விவரம். விரை நீக்கிய எலியின் அமிக்டலாவில் அரோமடேஸ் சரியவில்லை. இந்த ஒரு விவரத்தை மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள். நானும் முதல் வாசிப்பில் தாண்டித்தான் போனேன். அமிக்டலா ஏதோ ஓரத்து உறுப்பன்று. எலி மூளையில் அரோமடேஸ் மிகுந்த இடங்களில் அதன் நடுப்பகுதியும் ஒன்று. அங்கே ஆண்ட்ரஜன் ஏற்பியும் தாராளமாக உண்டு. ஏற்பி இருக்கிறது, நொதி இருக்கிறது, ஆண்ட்ரஜன் போனபின்னும் நொதி இறங்கவில்லை. அப்படியானால் ஏற்பி இருப்பது மட்டும் கட்டளைக்குப் போதாது. ஹைப்போதலாமஸின் செல்களில் கூடுதலாக ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும், அல்லது அமிக்டலாவில் வேறொன்று நொதியைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அமிக்டலா பலவகைச் செல்கள் கலந்த திசு, ஆகவே சிறிய வீழ்ச்சி அளவீட்டில் மறைந்திருக்கலாம் என்று மறுப்புச் சொல்லலாம். சிறிய வீழ்ச்சி மறையலாம். ஹைப்போதலாமஸில் கண்ட அளவு வீழ்ச்சி மறையுமா? ரோசெல்லி குழுவினர் தம் முடிவுக்கு எல்லை வகுத்தே எழுதினர் என்பதையும் சொல்லவேண்டும். அந்த எல்லையை அழித்தவர்கள் பின்வந்தவர்கள். ஆனால் எல்லை ஏன் அங்கே விழுந்தது என்பதை விளக்க வேண்டிய கடமையை ஏற்பிக் கொள்கை நிறைவேற்றவில்லை.

பறவைகளிடம் போனால் விதி இன்னும் தளர்கிறது. புறா மூளையில் ஆண்ட்ரஜன் ஈஸ்ட்ரஜன் உற்பத்தியைக் கூட்டுகிறது என்று ஸ்டைமரும் ஹட்சிசனும் 1981இல், எலி ஆய்வுக்கு முன்பே, நேச்சர் இதழில் எழுதினர். அந்த ‘ஆண்ட்ரஜன்’ என்ற சொல்லில்தான் சிக்கல். டெஸ்டோஸ்டிரோன் கொடுத்துக் கண்ட உயர்வில், அதிலிருந்து பிறந்த ஈஸ்ட்ரஜனின் பங்கைப் பிரித்தறிய வேண்டும். ஜப்பானியக் காடையில் பல்தசார் குழுவினர் அப்படிப் பிரித்துப் பார்த்தபோது, எலியில் தனித்தே போதுமானதாக இருந்த டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் தனியாக அதிகம் சாதிக்கவில்லை. எஸ்ட்ராடையாலோடு சேர்ந்தபோதுதான் வலுப்பெற்றது. காடையின் பிரீஆப்டிக் பகுதியில், உண்டாகும் பொருளே தன்னை உண்டாக்கும் நொதியைப் பெருக்குவதில் பங்கெடுக்கிறது.

டீலியோஸ்ட் எலும்பு மீன்களில் ஈஸ்ட்ரஜனின் இந்தப் பங்கு உச்சத்தை எட்டுகிறது. மீன் மூளையில் அரோமடேஸ் பாலூட்டிகளைக் காட்டிலும் பல மடங்கு மிகுதி என்பதைக் கல்லார்டின் ஆய்வுகள் முன்பே காட்டியிருந்தன. நொதி அங்கே குடியிருப்பது நியூரான்களில் அன்று, ரேடியல் கிளியா செல்களில். மிட்ஷிப்மேன் மீனில் 2001இல் ஃபோர்லானோ குழுவினர் இதைக் கண்டனர். சீப்ரா மீனின் மூளை அரோமடேஸ் மரபணுவின் முகப்பில் ஈஸ்ட்ரஜன் ஏற்பி வந்து பற்றும் இடமே இருக்கிறது; அதன் வழியே ஈஸ்ட்ரஜன் தன்னை உண்டாக்கும் நொதியைக் கூட்ட முடியும்.

அப்படியானால் ஈஸ்ட்ரஜன் வழியே மூத்தது, ஆண்ட்ரஜன் வழி பாலூட்டிகளில் பின்னர் வந்தது என்று சொல்லத் தோன்றும். எனக்கும் அந்தப் பக்கமே சாய்வு. ஆயினும் மீன் சாட்சியத்தை அப்படியே ஏற்க முடியாது. டீலியோஸ்ட் மீன்களின் மூதாதையில் மரபணுத்தொகை முழுவதும் இரட்டித்தபோது அரோமடேஸ் மரபணுவும் இரண்டாகி, ஒன்று சூலகத்துக்கும் மற்றது மூளைக்கும் எனப் பிரிந்தது. அந்த ஈஸ்ட்ரஜன் பற்றிடம் பிரிவுக்கு முந்தைய சொத்தாகவும் இருக்கலாம், பிரிந்தபின் மூளைப் படி தானே தேடிக்கொண்டதாகவும் இருக்கலாம். காடையும் மீனும் ஒரே பழைய வழக்கத்தைக் காத்து நிற்கின்றனவா, தனித்தனியே அங்கு வந்து சேர்ந்தனவா என்பதற்கு இப்போதைக்கு நான் விடை சொல்ல மாட்டேன். அது தெளியும்வரை எலியின் அமிக்டலாவில் நொதியைத் தாங்கி நிற்பது எது என்பதைத் தேடலாம். அந்தக் கேள்விக்குத் தேவையான திசு எந்த எலி ஆய்வகத்திலும் இருக்கிறது.