நைஜீரியாவில் துப்பாக்கிக் காயமும் மருத்துவச் சட்டமும்

குண்டடிபட்டு வருபவரைக் காவல்துறையின் கடிதம் இல்லாமல் உள்ளே எடுக்க மருத்துவமனைகள் தயங்குவது நைஜீரியாவில் நெடுங்காலம் நீடித்த வழக்கம். இதற்கு மூலமாகக் காட்டப்படுவது, கொள்ளை, துப்பாக்கிக் குற்றங்கள் தொடர்பாக ராணுவ ஆட்சி 1984-இல் பிறப்பித்த ஆணைச்சட்டம். ஆனால், குண்டுக் காயம் என்று ஐயம் தோன்றும் எவருக்கு மருத்துவம் செய்தாலும் உடனே காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்றுதான் அது சொன்னது. அனுமதி வந்த பிறகே சிகிச்சை தொடங்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆயுதக் கொள்ளைக்கு மரண தண்டனை விதித்த அந்தச் சட்டம், தகவல் தராத மருத்துவமனையையும் குற்றவாளியாக்கியது. வந்திருப்பவர் வழிப்பறிக்கு ஆளானவரா, வழிப்பறி செய்தவரா என்பது பணியில் இருக்கும் மருத்துவருக்குத் தெரியாது. வம்பு எதற்கு என்று கடிதம் கேட்கத் தொடங்கினார்கள். தகவல் சொல்லும் கடமை இப்படித்தான் அனுமதி கேட்கும் வழக்கமாகத் திரிந்தது. ஆகவே குறை சட்டத்தின் வாசகத்தில் இருந்ததைவிட, மருத்துவமனைக்கும் காவல்துறைக்கும் இடையில் ஊறிப்போன அச்சத்தில்தான் அதிகம் இருந்தது.

இந்த அச்சத்தைப் புதிய சட்டங்களால் போக்க நாடாளுமன்றம் முயன்றது. எந்தக் காரணத்துக்காகவும் அவசரச் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்றது 2014-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம். குண்டுக் காயம்பட்டோருக்கான 2017-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் குறிப்பாகப் பேசியது: காவல்துறை அனுமதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், முன்பணம் கட்டினாலும் கட்டாவிட்டாலும், அரசு மருத்துவமனையும் தனியார் மருத்துவமனையும் சிகிச்சை தர வேண்டும், தொடங்கிய 2 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கடமை தவறியதால் ஒருவர் இறந்தால் அபராதம், அல்லது 5 ஆண்டுச் சிறை, அல்லது இரண்டும். மருத்துவமனை மட்டுமல்ல, கைகட்டி நின்ற காவலரும் இதில் அடக்கம். கொள்ளையன் தப்பிவிடுவானே என்ற மறுப்புக்கு அந்த 2 மணி நேர விதியே பதில். சிகிச்சையில் இருப்பவர் எங்கும் ஓடிவிட மாட்டார். இறந்துபோனவரிடம் வாக்குமூலம் வாங்கவும் முடியாது.

சுட்டது அரசுப் படையாகவே இருந்தால் என்ன செய்வது என்பது இதைவிடக் கனமான கேள்வி. கொள்ளைத் தடுப்புச் சிறப்புப் படையின் அத்துமீறல்களுக்கு எதிரான போராட்டத்தில், 2020 அக்டோபர் 20 அன்று லாகோசின் லெக்கி சுங்கச்சாவடியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. மக்களை நோக்கிச் சுடவில்லை என்று ராணுவம் மறுத்தது. மாநில அரசு அமைத்த விசாரணைக் குழுவின் முன் மருத்துவர்களும் பிரேதப் பரிசோதனை வல்லுநரும் சாட்சியம் அளித்தார்கள். காவல்துறைக் கடிதம் இருந்தால்தான் சிகிச்சை என்ற வழக்கம் அங்கே கறாராகப் பின்பற்றப்பட்டிருந்தால், அந்தச் சாட்சியங்களில் ஒரு பகுதி பதிவாகியே இருக்காது. உடனடிச் சிகிச்சை உயிரைக் காப்பதோடு, அரசின் கையில் இல்லாத ஒரு பதிவேட்டையும் உண்டாக்குகிறது.

தனியார் மருத்துவமனைகளின் மனக்குறையும் நியாயமானதே. முன்பணம் கேட்காதே என்று சொல்லும் 2017 சட்டம், ரத்தத்துக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் பணம் எங்கிருந்து வரும் என்று சொல்லவில்லை. மருத்துவச் செலவின் பெரும்பகுதியை மக்கள் சொந்தக் கையிலிருந்து கொடுக்கும் நாட்டில் இது சின்ன விஷயம் அல்ல. பணத்துக்கு ஒரு வழி முந்தைய சட்டத்தில் இருக்கிறது: 2014 சட்டம் உருவாக்கிய அடிப்படைச் சுகாதார நிதிக்கு மத்திய அரசு தன் ஒருங்கிணைந்த வருவாயில் குறைந்தது 1 சதவீதம் ஒதுக்க வேண்டும். அந்த நிதியில் அவசரச் சிகிச்சைக்கு அச்சட்டம் வைத்த பங்கு 5 சதவீதம்.