ரெண்டு மருந்து

வன்னியில் மருந்து எண்டால் ரெண்டு: வெடிமருந்து, வருத்தத்துக்கு மருந்து. போர்க்காலத்தில் முதலாவதுக்குப் பஞ்சமில்லை. மற்றது தடைகளைத் தாண்டித்தான் வந்தது. ரெண்டும் ஒண்டான கதையும் இருக்கு. 1847இல் இத்தாலியர் சொப்ரேரோ கண்டுபிடித்த நைட்ரோகிளிசரினைக் கொண்டு நோபல் டைனமைற் செய்தார். 1879இல் லண்டன் வைத்தியர் மரெல் அதையே நெஞ்சுநோவுக்குக் கொடுத்தார். கடைசிக் காலத்தில் நோபலுக்கும் வைத்தியர்கள் அதைத்தான் எழுதினார்கள்.

நாக்குக்குக் கீழ் வைக்கும் அந்தக் குளிசை இரத்தக் குழாய்களைத் தளர்த்தி நோவை ஆற்றும். அடைப்பை எடுக்காது. மாரடைப்பு எனச் சந்தேகிக்கப்பட்ட 58,050 பேரிடம் நடந்த ஐசிஸ்-4 ஆய்வில் (1995), அதே குடும்பத்து மொனோநைட்ரேற் இறப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை.

முல்லைத்தீவின் உட்கிராமங்களில் ஆஸ்பத்திரி தூரம்தான். குளிசை வைத்தும் அப்பாவுக்கு நோ நிக்கேல்லையெண்டால் விடியும்வரை பார்த்திருக்காதேங்கோ. 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கோ.