நீல முட்டையும் கம்மல் போட்ட கோழியும்



போன வாரம் நம் குடும்பக் குழுவில் ஒரு கூடை நிறைய நீல முட்டைகள் இருக்கும் படம் வந்தது. சாயம் போட்டது என்று பாதிப் பேர், கம்ப்யூட்டர் வேலை என்று மீதிப் பேர். இரண்டும் இல்லை. அப்படி முட்டையிடும் கோழி உண்மையிலேயே உண்டு. அதை வைத்துப் பெரிய படிப்பாளி ஒருவரே ஏமாந்த கதையும் உண்டு. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

அட்லஸை எடுங்கள். தென் அமெரிக்காவின் மேற்கு ஓரத்தில் பச்சை மிளகாய் மாதிரி நீண்டு கிடக்கும் நாடு சிலி. அதன் தெற்கே வாழ்பவர்கள் மாப்புச்சே மக்கள். ஸ்பானியர்களால் முழுதாக அடக்க முடியாதவர்கள். அவர்களை ஸ்பானியர்கள் அரௌக்கானோ என்று அழைத்தார்கள். அவர்கள் வீட்டு முற்றத்தில் மேய்ந்த கோழிகளில் சில நீல முட்டை இட்டன.

1914இல் சல்வதோர் காஸ்தெயோ என்பவர் சிலிக்குப் போனார். ஸ்பெயினில் கோழி வளர்ப்புக்கென்றே பள்ளி நடத்தியவர். அங்கே அவர் பார்த்த கோழிக்கு வால் இல்லை. காதோரம் கம்மல் போட்டது போல இரண்டு பக்கமும் இறகுக் கொத்து. முட்டையோ நீலம். மனிதர் அசந்துபோனார். 1921இல் ஹாலந்தில் தி ஹேக் நகரில் நடந்த முதல் உலகக் கோழி மாநாட்டில், இது உலகம் அறியாத தனிச் சிற்றினம் என்று அறிவித்து ‘காலஸ் இனாரிஸ்’ என்று அறிவியல் பெயரும் சூட்டிவிட்டார்.

நடந்தது வேறு. சிலியில் டாக்டர் புஸ்தோஸ் என்பவர் பல வருடம் கோழி வளர்த்துவந்தார். மாப்புச்சே மக்களிடம் இரண்டு வகைக் கோழிகள் இருந்தன. ஒன்று ‘கொயோன்கா’: வால் கிடையாது, நீல முட்டை இடும். மற்றது ‘கேத்ரோ’: காதில் கம்மல் உண்டு. இரண்டையும் இணைசேர்த்து, பிறகு பொறுக்கிப் பொறுக்கி வளர்த்து, மூன்று குணமும் ஒன்றில் சேரும்படி செய்தவர் புஸ்தோஸ். காஸ்தெயோ பார்த்தது அந்த மந்தையைத்தான். ஊரெல்லாம் இருக்கும் கோழியே இப்படித்தான் என்று எண்ணிவிட்டார். 1924 பார்சிலோனா மாநாட்டில் அவரே எழுந்து, அது தனிச் சிற்றினம் இல்லை, நம் வீட்டுக் கோழிதான் என்று திருத்திச் சொன்னார். என்னைக் கேட்டால், அவர் செய்த பெரிய காரியம் அதுதான். ஆனால் திருத்தம் யார் காதிலும் விழவில்லை. 1927இல் நேஷனல் ஜியோகிராஃபிக் இதழில் அந்தக் கோழியின் வண்ணப் படம் வந்ததும், அமெரிக்காவில் எல்லோருக்கும் அது வேண்டியிருந்தது.

இப்படி எல்லா அடையாளத்தையும் ஒரே கோழியில் தேடியதற்கு விலையும் இருந்தது. அந்தக் கம்மல் மரபணு, தாயிடமிருந்து ஒன்று தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதி சேர்ந்துவிட்டால், குஞ்சு ஓட்டுக்குள்ளேயே செத்துவிடும். கம்மல் கோழியையும் கம்மல் சேவலையும் சேர்த்தால் நாலில் ஒரு பங்கு கருவுக்கு அதுதான் கதி. அழகுக்காக இப்படி வளர்ப்பது எனக்கு உவப்பில்லை.

மேல் வகுப்பில் பன்னட் கட்டம் போட்டுக் கணக்குச் செய்திருப்பீர்களே, அந்தப் பன்னட்டேதான் 1933இல் நீல முட்டையையும் ஆராய்ந்தார். நீலம் ஓங்கு பண்பு என்று காட்டினார். பெற்றோரில் ஒருவரிடமிருந்து அந்த மரபணு வந்தாலே போதும், பெட்டை நீல முட்டைதான் இடும். அதனால்தான் கலப்புக் கோழிகளிலும் நீலம் சுலபமாகப் பரவிவிட்டது. நீல முட்டை கண்டவுடன் அசல் அரௌக்கானா என்று சொல்லிவிட முடியாது.

நிறம் எப்படி வருகிறது? ஓடு உருவாக ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும். எல்லா ஓடும் சுண்ணாம்பு வெள்ளைதான். பழுப்பு நிறமி கடைசிச் சில மணி நேரத்தில் மேலே பூசப்படுகிறது, சுவருக்கு வண்ணம் அடிப்பது போல. உடைத்துப் பாருங்கள், உள்பக்கம் வெள்ளையாக இருக்கும். நீலம் அப்படி அல்ல. பிலிவெர்டின் என்னும் பித்த நிறமி ஓடு முழுவதும் ஊறியிருக்கும், உள்ளும் நீலம் வெளியும் நீலம். நீல ஓட்டின்மேல் பழுப்புப் பூச்சு விழுந்தால் பச்சை முட்டை. இவ்வளவுதான் கணக்கு.

காது மடல் வெள்ளையானால் வெள்ளை முட்டை, சிவப்பானால் பழுப்பு முட்டை என்று ஒரு பாடம் உண்டு. லெக்ஹார்னுக்குச் சரி. ஆனால் அரௌக்கானாவின் மடல் சிவப்பு, முட்டை நீலம். ஸ்பெயினின் பெனெதெசெங்காவுக்கு மடல் வெள்ளை, முட்டையோ கருஞ்சிவப்புப் பழுப்பு.

பெயரையும் நம்பக்கூடாது. கொச்சின் கோழி நம் கேரளத்துக் கொச்சியிலிருந்து போனதல்ல, 1840களில் சீனாவிலிருந்து இங்கிலாந்துக்குப் போனது. பிரம்மா கோழிக்குப் பிரம்மபுத்திராவின் பெயர் வைத்தார்கள், அதுவும் ஷாங்காய்ச் சரக்குதான். ஐரோப்பாவின் பல பழுப்பு முட்டை இனங்கள் இந்தச் சீனக் கோழிகளின் வழி வந்தவை.

நம் ஊருக்கு வருவோம். வெள்ளை முட்டையை டீத்தூள் தண்ணீரில் ஊறவைத்து நாட்டு முட்டை என்று விற்பதைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். வினிகரில் தேய்த்தால் சாயம் போகும், கண்டுபிடித்துவிடலாம் என்கிறார்கள். இயற்கைப் பழுப்பும் மேற்பூச்சுதானே, அதுவும் போய்விடும்! போதாததற்குப் பழுப்பு முட்டையிடும் பண்ணைக் கலப்பினங்களும் வந்துவிட்டன. ஓட்டின் நிறத்தால் சத்து கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. அது தீவனத்தைப் பொறுத்தது. இனி நிறத்துக்காக மட்டும் இரட்டை விலை கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. 2013இல் நீலத்துக்கான காரணம் பிடிபட்டது. எப்போதோ ஒரு வைரஸ் கோழியின் மரபணுவுக்குள் புகுந்து அங்கேயே தங்கியதன் விளைவு அது. சீனாவிலும் நீல முட்டைக் கோழிகள் உண்டு. ஆனால் அங்கே வைரஸ் புகுந்த இடம் வேறு, சிலிக் கோழியில் புகுந்த இடம் வேறு. ஆகவே முட்டை ஒரே நிறம் என்பதால் சீனக் கோழியும் சிலிக் கோழியும் உறவு என்று சொல்ல முடியாது. கொலம்பஸுக்கு முன்பே பசிபிக் தீவுக்காரர்கள் தென் அமெரிக்காவுக்குக் கோழி கொண்டுவந்தார்களா என்பது தனி வழக்கு. சிலியில் கிடைத்த பழைய கோழி எலும்புகளை வைத்து 2007இல் ஆம் என்றார்கள், அடுத்த வருடமே வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை.

கடக்நாத் வளர்க்கும் மாணவர்கள் யாராவது அதன் முட்டையைப் படம் எடுத்துக் கீழே போடுங்கள். கறி கறுப்பு என்பதால் முட்டையும் கறுப்பு என்று நம்புகிறவர்கள் நம் சொந்தத்திலேயே இருக்கிறார்கள்.