சூடு ஏறினா கெளம்பாத வண்டி

காலையில ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆன அம்பாசிடர், மத்தியானம் டீக்கடையில் பத்து நிமிஷம் நிறுத்திவிட்டு வந்தால் அசையவே அசையாது. அரை மணி நேரம் போனால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். திருஷ்டி, காத்துக் கருப்பு, எலுமிச்சம்பழம் வைக்கலை என்று எங்க பக்கம் ஆயிரம் காரணம் சொல்வார்கள். நிஜக் காரணத்துக்கு நூறு வருஷக் கதை இருக்கு.

முதலில் பெட்ரோல் கார்கள் பெரும்பாலும் கைப்பிடி போட்டுச் சுத்தித்தான் கிளம்பின. எஞ்சின் எதிர்த்து உதைத்தால் கை உடையும். சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர் செய்த மின்சார ஸ்டார்ட்டர் 1912-இல் கேடிலாக் காரில் வந்தது. பேட்டரியும் காயிலும் வைத்துப் பொறி உண்டாக்கும் முறையைப் பரவலாக்கியதும் அவர்தான். ஆக, சூட்டில் மக்கர் பண்ணுகிற இரண்டு சாமான்கள், ஸ்டார்ட்டரும் காயிலும், அந்த ஒரே மனுஷன் கையால் ஊருக்கு வந்தவை.

நம்ம அம்பாசிடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் சீரிஸ். வங்காளத்தில் உத்தரபாராவில் இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950-களின் கடைசியில் செய்ய ஆரம்பித்து, 2014 வரைக்கும் செய்தது. ரொம்ப வருஷம் ஓடிய அதன் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினில் பெட்ரோல் உள்ளே போகிற வழியும் புகை வெளியே வருகிற வழியும் ஒரே பக்கம். கொதிக்கிற இரும்புக் குழாய்க்கு மேலேயே கார்ப்பரேட்டர். பெட்ரோல் பம்ப்பும் எஞ்சினோடு ஒட்டித்தான் இருக்கும். இங்கிலாந்துக் குளிருக்கு அது சரி. சித்திரை வெயிலுக்கு?

ஓடும்போது காத்தாடியும் தண்ணியும் சூட்டைக் கொண்டுபோகும். நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிடும், சூடு மட்டும் உள்ளேயே நிற்கும். விறகை இழுத்த பிறகும் சோத்துப் பானை கொதிக்கிறதில்லையா, அதே கதை. அதனால் பானெட்டுக்குள் அதிகச் சூடு, வண்டி நின்ற பிறகு வரும் பத்து இருபது நிமிஷத்தில்தான். பெட்ரோல் ஒரே சரக்கு இல்லை, கலவை. லேசான பங்கு 40 டிகிரி வாக்கிலேயே ஆவியாகத் தொடங்கும்.

இதில் இரண்டு விதமான கோளாறு வரும். பம்ப்புக்கு வருகிற குழாயில் பெட்ரோல் ஆவியானால் பம்ப் ஆவியை மட்டும் இழுத்துக்கிட்டு இருக்கும். கிணத்து மோட்டாருக்கு சக்ஷன் பைப்பில் காத்து புகுந்தால் தண்ணி ஏறாதே, அதேதான். ‘ஏர் லாக்’ என்று டிரைவர்கள் சொன்னது இதைத்தான். இரண்டாவது, கார்ப்பரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் கொதித்து எஞ்சினுக்குள் வழிவது. இது ‘ஓவர் ஃப்ளோ’. ஒன்றில் பெட்ரோல் பத்தாது, இன்னொன்றில் அளவுக்கு மேல்.

பண்ணாரி தாண்டி திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவு. மைசூர்ப் பக்கம் போகிற கல்யாண வண்டிகள் ஏறி ஏறி, நடுவில் நின்றுவிடும். மேலே போகப் போகக் காத்தழுத்தம் குறையும், பெட்ரோலும் சீக்கிரம் ஆவியாகும். டிரைவர் ஈரத் துணியை பம்ப் மேல் சுத்திவிட்டு, பம்ப்பில் இருக்கும் சின்ன நெம்பைக் கையால் பத்துத் தடவை அடிப்பார். வண்டி கிளம்பிடும். பள்ளிக்கூடம் போகாதவர்கள்கூட ஆவியைத் திரும்பத் தண்ணியாக்குகிற வித்தை தெரிந்து வைத்திருந்தார்கள்.

ஆனால் எல்லாமே பெட்ரோல் கோளாறு இல்லை. எங்க பெரியப்பா மகன் பழைய அம்பாசிடரை வாடகைக்கு ஓட்டினார். ராத்திரி பிரசவ வலி என்றால் ஊரே அந்த வண்டியைத்தான் தேடும். சூட்டில் நிற்க ஆரம்பித்ததும் டவுனில் ஒரு ஒர்க்ஷாப்பில் விட்டார். முதலில் பேட்டரியை மாற்றினார்கள், பிறகு ஸ்டார்ட்டரை. கடைசியில் எஞ்சினையே இறக்கணும் என்றார்கள். வண்டியை வித்துடலாம் என்ற முடிவுக்கே வந்துவிட்டார். வேறொரு வயசான மெக்கானிக் வந்து, சூடாக நின்றபோது பிளக் வயரைக் கழட்டி ஒரு பழைய பிளக்கில் மாட்டி, பாடியில் வைத்துச் சுத்தச் சொன்னார். பொறி மங்கலாக, மஞ்சளாக வந்தது. காயில் மேல் ஈரத் துணி போட்டார். கால் மணி நேரத்தில் பொறி நீலமாக, டப் டப் என்று வந்தது. காயில் மட்டும் மாற்றினார். அதற்குப் பிறகும் பல வருஷம் அந்த வண்டியில்தான் எங்க ஊர்ப் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிறந்தன.

அவர் பார்த்த வரிசை எளிமையானது. முதலில் காது: ஸ்டார்ட்டர் வேகமாகச் சுத்துதா, இழுத்து இழுத்துச் சுத்துதா? இழுத்தால் பேட்டரி வயர், எர்த் வயர், ஸ்டார்ட்டர் பார்க்கணும். செம்புக் கம்பி 60 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் மின்தடை கிட்டத்தட்ட கால் பங்கு ஏறும். ஏற்கெனவே துருப்பிடித்த வயர் அதைத் தாங்காது. நன்றாகச் சுத்தினால் அடுத்து கண்: பொறி. இல்லையென்றால் காயில் அல்லது கண்டென்சர். பொறி நன்றாக இருந்தால் மூக்கு: பெட்ரோல் வாசம் தூக்கினால் ஓவர் ஃப்ளோ. ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்துப் பிடித்தபடியே சுத்தணும், விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. வாசமே இல்லையென்றால் ஏர் லாக். ஈரத் துணியை ஒரு சமயத்தில் ஒரு இடத்தில் மட்டும் போடணும். பம்ப், காயில் இரண்டிலும் போட்டால் வண்டி கிளம்பும், கோளாறு எதுவென்று தெரியாது. சூடான எஞ்சின் மேல் தண்ணியை ஊற்றக் கூடாது, இரும்பு வெடிக்கும்.

2000-க்குப் பிறகு புகை விதிகள் இறுகி, கார்களில் கார்ப்பரேட்டர் போய் இன்ஜெக்ஷன் வந்தது. பம்ப் டாங்கிக்குள்ளேயே உட்கார்ந்து அழுத்தத்தோடு தள்ளுவதால் பெட்ரோல் லேசில் ஆவியாகாது. உங்கள் புதுக் கார் வெயிலில் மக்கர் பண்ணாததற்கு அது பெரிய காரணம்.

பழைய வண்டியை ஆசைக்கு வாங்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாயும் பம்ப்பில் இருக்கும் ரப்பர் தகடும் அதில் சீக்கிரம் கெட்டுப்போகும், வெடிப்பு வழியாகக் காத்து புகும். முதலில் அந்த ரப்பர்களை மாற்றுங்க. எஞ்சினை இறக்கணும் என்று யாராவது சொன்னால், ஒரு ஈரத் துணியும் ஒரு பழைய பிளக்கும் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் பணத்தை எடுங்க.