மண் மூடிய நகரம்

சிலாங்கூர் மாநிலத்தின் வடகிழக்கே, மலையடிவாரத்தில் அம்பாங் பெச்சா என்றோர் ஊர் உண்டு. மலாய் மொழியில் 'அம்பாங்' என்பது அணை. 'பெச்சா' என்பது உடைதல். உடைந்த அணையையே தன் பெயராகத் தாங்கி நிற்கும் இவ்வூரின் பக்கத்தில்தான் பழைய கோலகுபு நகரம் இருந்தது. வகுப்பில் நாட்டுப்படத்தைத் தொங்கவிட்டு இப்பெயரின் பொருளைக் கேட்டால் மாணவர் உடனே கூறிவிடுவர். அணை ஏன் உடைந்தது, ஊர் எங்கே போயிற்று என்று கேட்டால் மௌனமே விடையாகும்.

1883-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் அவ்வணை உடைந்தது. ஊரின் ஒரு பகுதியை வெள்ளம் வாரிச் சென்றது. உலு சிலாங்கூர் வட்டாரத்தை ஆண்ட ஆங்கில அதிகாரி செசில் ரேங்கிங்கும் மாண்டார். அவர் வெள்ளை முதலை ஒன்றைச் சுட்டதனால் ஆறு சினந்தது என்று ஒரு கதை வழங்கி வருகிறது. மாணவர் இக்கதையை மறப்பதே இல்லை! ஆயின், அந்நகரை உண்மையில் அழித்தது அந்த ஒரு நாள் வெள்ளமன்று. அதன் பின்னர் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆற்றில் வந்து படிந்த மணலேயாகும்.

கோலகுபுவை வாழ வைத்தது ஈயம். ஈயச் சுரங்கத்தை நம் மக்கள் 'ஈயலம்பம்' என்பர். அங்கே மண்ணை நீரால் கரைத்து அலசுவார்கள். கனமான ஈயத்தாது அடியில் தங்கும். எஞ்சிய மணலும் சேறும் ஆற்றிற்குள் ஓடும். இவ்வாறு நாள்தோறும் படிந்த மணலால் சிலாங்கூர் ஆற்றின் படுகை உயர்ந்தது. படுகை உயர உயர ஆறு கொள்ளும் நீரின் அளவு குறைந்தது. முன்பு கரைக்குள் அடங்கிய மழைநீர், பின்னர் கடைவீதிக்குள் புகுந்தது. வெள்ளம் வடிந்தாலும் மணல் வடியவில்லை.

புதுவெள்ளம் வண்டலைக் கொணர்ந்து வயலை வளமாக்கும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சுரங்க மணல் அத்தகையதன்று. அது சத்தற்றது. நெல்வயலில் ஒருமுறை படிந்துவிட்டால் நாற்று வேரூன்றாது, வாய்க்காலும் தூர்ந்துபோம். ஈயத்தால் வந்த ஆதாயம் ஒருவருக்கு, அதனால் வந்த மணல் வேறொருவருக்கு என்றாயிற்று. மலாயாவின் ஈய வட்டாரங்கள் பலவற்றிலும் இதே நிலைதான்.

1926-ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் தீபகற்பம் முழுவதையும் பெருவெள்ளம் உலுக்கியது. கோலாலம்பூர் நகர வீதிகள் நீரில் மூழ்கின. கிளந்தானில் அதனைச் 'செந்நீர் வெள்ளம்' என்று பொருள்படும் மலாய்ப் பெயரால் இன்றும் குறிப்பிடுவர். அடிக்கடி மூழ்கிவந்த கோலகுபு இனித் தேறாது என்பது அதன்பின் ஐயத்திற்கு இடமின்றித் தெளிவாயிற்று. மேட்டு நிலத்தில் கோலகுபு பாரு, அதாவது புதிய கோலகுபு, எழுந்தது. நகரமைப்பு வல்லுநர் சார்ல்ஸ் ரீட் அதனைத் தோட்ட நகரமாக வகுத்தார். 1930-களின் தொடக்கத்தில் பழைய நகரம் கைவிடப்பட்டது. 1932-இல் வடிகால், நீர்ப்பாசனத் துறையும் நிறுவப்பட்டது.

ரீட்டின் பெயர் நூல்களில் உண்டு. ரேங்கிங்கின் பெயரும் உண்டு. 1890-களில் அந்நகருக்கு வந்த இருப்புப் பாதையிலும், சுற்றியிருந்த இரப்பர்த் தோட்டங்களிலும் உழைத்த தமிழர் பெயரையோ, மணலை வாரிக் கொட்டிய கூலியாட்களின் பெயரையோ அந்நூல்களில் நான் கண்டதில்லை. அவர்தம் பேரப்பிள்ளைகளிடம் கேட்டு எழுதிக்கொள்ளும் வாய்ப்பும் ஆண்டுதோறும் குறைந்து வருகிறது. வட்டார வரலாறு எழுதுவோர் முதலில் செய்யத்தக்க பணி இதுவே என்பேன்.

அதே ஆற்றின் மேற்பகுதியில், 2000-களின் தொடக்கத்தில், மற்றோர் அணை கட்டப்பட்டது. சிலாங்கூர், கோலாலம்பூர் மக்களுக்குக் குடிநீர் வழங்கும் அவ்வணைக்காகக் கெராச்சி, பெர்த்தாக் ஆகிய இடங்களில் வாழ்ந்த தெமுவான் பழங்குடியினர் இடம்பெயர்ந்தனர். முன்பு அணை உடைந்து ஊர் அழிந்தது. இம்முறை அணை எழும்பவே ஊர் நகர்ந்தது.