கப்பல் கவுந்த காசு

சேவுகம்பட்டியில் எங்கள் அப்பத்தாவின் சுருக்குப்பையில் மூன்று செம்புக் காசுகள் உண்டு. தனுஷ்கோடியைப் புயல் அழித்ததற்கு அடுத்த வருடம், 1965 ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போன தாத்தா, அக்னி தீர்த்தக் கரையில் பொறுக்கியவை. "கப்பல் கவுந்த காசுடா. புயல் கெளப்பி விட்டுருச்சு" என்று அப்பத்தா சொல்லும். பள்ளிக்கூடத்தில் நானும் அதையே சொல்லித் திரிந்தேன்.

பிறகுதான் கிரேட் பாசஸ் பற்றிப் படித்தேன். இலங்கைக்குத் தென்கிழக்கே கடலுக்குள் இருக்கும் பாறைத்தொடர். 1961-ல் அங்கே முக்குளித்த மைக் வில்சன் குழுவுக்கு வெள்ளிக் காசுகள் கிடைத்தன, ஆர்தர் சி. கிளார்க் அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். எல்லாம் ஔரங்கசீப்பின் ரூபாய்கள். அக்கசாலை ஒன்றே, சூரத். ஆண்டும் ஒன்றே, ஹிஜ்ரி 1113, அதாவது 1701-02. பை மக்கிப்போன பிறகும், உப்புநீரில் அரித்து ஒட்டிக்கொண்ட காசுகள் மூட்டையின் வடிவத்திலேயே கட்டியாக நின்றன. ஒரு கட்டியில் ஏறத்தாழ ஆயிரம். உள்ளே இருந்தவை புதுக்கருக்கு மாறவில்லை.

காசில் உள்ள ஆண்டு, கப்பல் அதற்கு முன் மூழ்கவில்லை என்று மட்டும்தான் சொல்லும். அறுபது வருடம் கழித்தும் அந்தக் காசு யார் மடியிலாவது இருந்திருக்கலாமே! ஆனால் தேயாத, ஒரே வருடத்துக் காசு மூட்டை மூட்டையாகக் கிடந்தால் அது கடைவீதிக்கே போகாத பணம். அக்கசாலையிலிருந்து நேரே கப்பலேறியது. 1702-ஐ ஒட்டி மூழ்கியிருக்க வேண்டும் என்ற கணிப்பு அப்படி வந்ததுதான். கப்பலின் பெயர் மட்டும் காசில் இல்லை.

இந்தப் படிப்போடு போன பொங்கலுக்கு அப்பத்தாவின் பையை அவிழ்த்தேன். ஒன்று, 1835 என்று போட்ட கும்பினிக் காலணா. இன்னொன்று புதுக்கோட்டை அம்மன் காசு. மூன்றாவதில் ஐந்தாம் ஜார்ஜ் தலை. அவர் பட்டத்துக்கு வந்ததே 1910-ல். முதல் காசுக்கும் இதற்கும் எழுபத்தைந்து வருடமாவது இருக்கும். தேய்மானமும் ஒன்றுபோல் இல்லை. பல கை மாறிய சில்லறை. போதாததற்கு, கிடைத்த இடம் அக்னி தீர்த்தம். அங்கே முங்கி எழும் ஜனம் கடலில் காசு போடுவது வழக்கம். புயல் மணலைக் கிளறியிருக்கலாம், அதுவரை அப்பத்தா சொன்னது சரி. கப்பலைத்தான் காணோம்.

சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது.

"அப்ப சாமிக்குப் போட்ட காசையா ஒங்க தாத்தா தூக்கிட்டு வந்தாரு?"

எனக்கு இது தோன்றவே இல்லை. யாரோ எதையோ வேண்டிக்கொண்டு போட்ட காசு என்பதை விட்டுவிட்டு, ஆண்டையும் அக்கசாலையையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அப்பத்தா மூன்றையும் பையில் போட்டுச் சுருக்கியது.

"வர்ற ஆடிக்குக் கூட்டிட்டுப் போ. போட்டுட்டு வந்துருவோம்."

சரி என்றேன். அதற்கு முன் ஒரு தடவை பையை வாங்கி, மூன்று காசையும் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டேன்.